பால் ஒரு வீட்டில், உறைமோர் அடுத்த தெருவில்

பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டு, உறை ஊற்ற மறந்து படுத்துவிட்டால் காலையில் தயிர் இருக்காது. பால் நல்ல பால்தான், மோரும் நல்ல மோர்தான். இரண்டும் சேரவில்லை, அவ்வளவுதான். கலிஃபோர்னியாக் கடலில் வெள்ளை அபலோனுக்கு நேர்ந்தது இதுவே.

அபலோன், பாறையில் அப்பிக்கொண்டு வாழும் ஒற்றை ஓட்டு நத்தை. பெண் முட்டையையும் ஆண் விந்தையும் ஓட்டிலுள்ள துளைகள் வழியே தண்ணீரில் விடும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கரு பிடிக்கும். 1970-களில் ருசிக்காக முக்குளித்து அள்ளினார்கள். பத்தே ஆண்டில் பாறைகள் காலி. 1990-களில் பிடிக்கத் தடை வந்தது. 2001-ல் அமெரிக்காவின் அழிநிலை உயிரினப் பட்டியலில் ஏறியது. கடல்வாழ் முதுகெலும்பில்லாதவற்றில் அதுவே முதல். ஆனாலும் பெருகவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக மிஞ்சியவை தனியாகவே கிழடு தட்டின. தயிரிலாவது ஒரு சொட்டு மோரிலுள்ள நுண்ணுயிர் பாலில் பல்கிப் பெருகும். கடலில் விந்து பெருகாது, கரைந்தே போகும். தடை மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

ஆகவே ஒரே பாத்திரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொடேகா கடல் ஆய்வகத்தில் ஆணையும் பெண்ணையும் தனித்தனி வாளியில் இட்டு, தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு கலக்கிறார்கள். புண் கழுவுகிற அதே மருந்துதான். அபலோனுக்கு அது முட்டையிடும் சமிக்ஞை. பிறகு முட்டையையும் விந்தையும் கலப்பதில் கைப்பக்குவம் வேண்டும். உறை குறைந்தால் பால் தோயாது, கூடினால் புளித்துவிடும். விந்து அளவு மிஞ்சினால் ஒரே முட்டைக்குள் பல நுழைந்து கரு கெட்டுவிடும். அதனால்தான் கலந்ததும் முட்டைகளை அலசி எடுக்கிறார்கள்.

குஞ்சுகள் ஒன்றிரண்டு வாரம் தின்னாமல், மஞ்சள் கருவின் சேமிப்பிலேயே நீந்தும். பிறகு வழுவழுப்பான பாசிப் படலத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியும் பெரும்பாலானவை செத்துப்போகும். இந்தக் கட்டத்தை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

தப்பியவற்றை 2019-லிருந்து தெற்குக் கலிஃபோர்னியாக் கடலடியில் விடுகிறார்கள். நண்டும் ஆக்டோபஸும் காத்திருக்கும் இடம் அது. எனவே முதலில் சில நாள் வலைப்பெட்டிக்குள் பழக்கி, பிறகு கதவைத் திறக்கிறார்கள். வளர்ந்து முட்டையிட நாலைந்து ஆண்டாவது ஆகும். அப்போது பக்கத்தில் துணை இருக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பாறையிலும் கூட்டமாக விடுகிறார்கள்.