ரூ.3,012 வீண், ரூ.120 தீர்வு: ஒரு வைஃபை கணக்கு

எங்கள் வீட்டு நெட் 100 எம்.பி.பி.எஸ். பிளான். மாதக் கட்டணம் ரூ.699, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.125.82, ஆக ரூ.824.82. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் டவுன்லோட் கணக்கில் இது நொடிக்கு 12.5 மெகாபைட்.

இரண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி நான்கும் ஒழுங்காக ஓடின. ஐந்தாவதான மேசைக் கணினி மட்டும் மக்கர் செய்தது. அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால் போனில் 92 எம்.பி.பி.எஸ்., கணினியில் 8. ஒரு ஜி.பி. கோப்பு போனில் ஒன்றரை நிமிடத்தில் இறங்கியது; கணினிக்கு 16 நிமிடம் 40 விநாடி ஆனது. அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால்.

வீண் செலவு

முதலில் பிளானை 200 எம்.பி.பி.எஸ். ஆக்கினேன். கூடுதல் கட்டணம் வரியோடு மாதம் ரூ.354, மூன்று மாதத்துக்கு ரூ.1,062. போன் 185ஐத் தொட்டது. கணினி 8இலேயே நின்றது. அடுத்து ரூ.1,650க்குப் புது ரவுட்டர். கணினி 9 காட்டியது. கடைசியில் ஒருவரை வரவழைத்தேன். விண்டோஸை அழித்து மறுபடி போட்டுவிட்டு ரூ.300 வாங்கிக்கொண்டார். மீண்டும் 8.

மொத்தம் ரூ.3,012. நான்கு கருவிகள் நன்றாக ஓடும் வீட்டில் பிளானையும் ரவுட்டரையும் சந்தேகப்பட்டது என் தவறு. தெருக்குழாயில் தண்ணீர் நன்றாக வரும்போது, வீட்டுக்குள் ஒரு குழாய் மட்டும் சொட்டினால் யாரும் குடிநீர் வாரியத்துக்குப் போவதில்லை.

அளவெடுத்த பிறகு

பிளானைப் பழையபடி 100க்கு இறக்கிவிட்டு அளக்க உட்கார்ந்தேன். பிங் கட்டளை ரவுட்டரைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும். விண்டோஸில் அது இயல்பாக 4 முறைதான் கூப்பிடும்; நான் 100 முறை கூப்பிட வைத்தேன். லேப்டாப்புக்கு 100 பதிலும் வந்தன. கணினிக்கு 83. கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் கணினிக்கு வரும் சில மீட்டருக்குள்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதும் அளந்து எழுதி வைத்தேன். 100இல் தொலைந்த பதில்களும் வேகமும் இவை:

- தொடக்க நிலை: 17, 8 எம்.பி.பி.எஸ்.
- டிரைவரைப் புதுப்பித்து, மின்சேமிப்பு டிக்கை எடுத்தபின்: 16, 8
- ரவுட்டரின் சேனலை 6இலிருந்து 11க்கு மாற்றியபின்: 13, 11
- பின்புறம் செருகியிருந்த யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியபின்: 5, 19
- கணினியில் வைஃபையைப் பிடிக்கும் யு.எஸ்.பி. டாங்கிளை 1 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைமேல் வைத்தபின்: 0, 38

எண்களுக்குப் பின்னால்

சேனல் மாற்றம் கொஞ்சம் உதவியதற்குக் காரணம் அக்கம்பக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 13 சேனல்கள். ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வைஃபைக்கு வேண்டியதோ 20. அதனால் ஒன்றோடொன்று முட்டாதவை 1, 6, 11 மூன்றுதான். எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் 6இல் இருந்தார்கள்.

பெரிய குற்றவாளி ஹார்டு டிஸ்க். யு.எஸ்.பி. 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. என் டாங்கிள் அந்த டிஸ்க்கின் கேபிளுக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. போதாததற்கு, முன்னால் சி.பி.யு. பெட்டியின் இரும்புத் தகடு. விண்டோஸ் காட்டிய சிக்னல் 44 சதவீதம், அதாவது மைனஸ் 78 டி.பி.எம். மேசைக்கு வந்ததும் 90 சதவீதம், மைனஸ் 55. பத்து டெசிபெல் கூடினால் திறன் 10 மடங்கு என்பதால், 23 டெசிபெல் ஏற்றம் ஏறக்குறைய 200 மடங்கு. டிஸ்க்கை மறுபடி செருகியபோதும் தொலைந்தது 0தான்.

டாங்கிளின் அட்டையில் 150 என்று அச்சிட்டிருந்தது. அந்த எண் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால்தான். 20இல் உச்சம் 72.2, கைக்கு வருவது அதில் சுமார் பாதி. ஆக, 38க்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. 5 கிகாஹெர்ட்ஸும் அதற்குத் தெரியாது.

மிச்சத்தையும் வாங்கிவிட லேன் கேபிள் இழுத்தேன்: 12 மீட்டர், மீட்டர் ரூ.18 வீதம் ரூ.216, இரண்டு கனெக்டர் ரூ.20. வேகம் 94, தொலைந்தது 0.

இறுதி வரவு செலவு

எக்ஸ்டென்ஷன் கேபிள் ரூ.120, லேன் கேபிள் ரூ.236, ஆக ரூ.356. வீண் செலவு அதைப்போல எட்டரை மடங்கு. பிங் 100 முறை போய் வர ஆன நேரம் சில நிமிடம்தான், செலவு ரூ.0. அதை நான் செய்தது நான்காவது மாதத்தில்.