முந்தி வந்தவருக்கே குடலும் வேரும்

கூட்டப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பவரைத் திட்டாதவர்கள் குறைவு. அதே வேலையைக் கோழிக்குஞ்சின் குடலில் செய்கிற பாக்டீரியாக்களை மட்டும் திட்ட முடியாது.

1971-ல் பின்லாந்தின் பிராய்லர் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற கிருமி பரவியது. வளர்ந்த கோழிகள் தாக்குப்பிடிக்கும் கிருமிக்குக் குஞ்சுகள் ஏன் இவ்வளவு எளிதில் இரையாகின்றன? எஸ்கோ நூர்மி என்ற ஆய்வாளருக்குக் காரணம் குடலில் இருப்பதாகப் பட்டது. அடைக்கோழியுடன் திரியும் குஞ்சு, தாயின் எச்சம் கிடக்கும் தரையைக் கொத்திக் கொத்தியே அதன் குடல் நுண்ணுயிரிகளைப் பெற்றுவிடும். இன்குபேட்டர் குஞ்சு தாயின் முகத்தையே பார்ப்பதில்லை. அதன் குடல் கிட்டத்தட்டக் காலி வீடு. நூர்மியும் சக ஆய்வாளர் ரன்டாலாவும் வளர்ந்த கோழிகளின் குடலில் இருந்ததை எடுத்துப் புதுக்குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். முகம் சுளிக்க வைக்கும் வைத்தியம்தான். ஆனால் அதன் பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது பெரும்பாலான குஞ்சுகளின் குடலில் அதனால் நிலைகொள்ள முடியவில்லை. 1973-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது.

குடல் சுவரில் ஒட்டும் இடங்களை நல்ல பாக்டீரியாக்கள் நிரப்பிவிடுகின்றன, உணவையும் பங்கு போடுகின்றன. அவை வெளிவிடும் அமிலங்களும் சால்மோனெல்லாவுக்கு ஆகாது. ஆனால் கிருமி முந்திக்கொண்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

வேரிலும் இதே பந்தயம்தான். ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தூளைக் கலந்து இரவு முழுவதும் ஊறவைத்து, முளைகட்டி விதைக்கச் சொல்வது இதற்காகவே. மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தை இந்தப் பாக்டீரியா பிடித்துவைத்துக்கொள்ள, நோய்ப்பூஞ்சை பட்டினி கிடக்கும். செடியின் சொந்த எதிர்ப்பாற்றலையும் இது தட்டி எழுப்பும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையின் வழி இன்னும் முரட்டுத்தனமானது: வேரழுகல் பூஞ்சையின் இழைகளைச் சுற்றி வளைத்து, சுவரைக் கரைத்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். கடலைக்கும் பயறு வகைகளுக்கும் கிலோவுக்கு 4 கிராம் போதும்.

இந்த இரண்டின் பாக்கெட்டிலும் இருப்பது உயிர் என்பதை மறந்துவிடுகிறோம். வெயிலில் போட்டு வைத்ததும் காலாவதியானதும் வெறும் மாவுதான். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சை என்பதால், கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த விதையில் அதைச் சேர்த்தால் முதலில் சாவது அதுவாகத்தான் இருக்கும்.