செயற்கைப் பந்தயத் தடமும் குதிரைக் கணிப்பும்

செயற்கைப் பந்தயத் தடம் என்பது மணல், செயற்கை இழை, ரப்பர்த் துகள் முதலியவற்றைக் கலந்து, மெழுகு பூசி அமைக்கப்படும் குதிரைப் பந்தய ஓடுபரப்பு ஆகும். பாலிட்ராக், டபீட்டா, குஷன் ட்ராக், புரோ-ரைடு என்பன இவற்றின் வணிகப் பெயர்கள். மழைநீர் விரைவில் வடியும் என்பதும், குதிரைகளின் கால்முறிவு குறையும் என்பதும் இதனை அமைப்பதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

ஹேண்டிகேப்

இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. இந்தியாவிலும் ஐக்கிய இராச்சியத்திலும் இது, குதிரையின் திறனை மதிப்பெண்ணாகக் கணித்து அதற்கேற்ப எடை சுமத்துவதைக் குறிக்கும். இந்தியாவில் பொதுவாக ஒரு மதிப்பெண்ணுக்கு அரை கிலோ எடை. ஐக்கிய அமெரிக்காவிலோ, பந்தயம் கட்டுபவர் வெற்றிக் குதிரையைக் கணிப்பதையே இச்சொல் பெரிதும் குறிக்கிறது. இரண்டிற்கும் அடிப்படை பழைய ஓட்டப் பதிவுகளே. தடம் மாறினால் அப்பதிவுகளின் பொருளும் மாறிவிடும்.

தடத்தின் தாக்கம்

மண்தடத்தில் முன்னால் ஓடும் குதிரைக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. பின்னால் வருபவற்றின் முகத்தில் மண் வந்து அறையும். செயற்கைத் தடத்தில் இது குறைவு என்பதால், கடைசிக் கட்டத்தில் வேகம் கூட்டும் குதிரைகளும் புல்தடத்தில் பழகிய குதிரைகளும் அதில் சிறப்பாக ஓடுவதுண்டு. மெழுகு வெப்பத்தில் இளகுவதால், காலையில் இருந்த தன்மை பிற்பகலில் இராமலும் போகலாம்.

இதற்கு நல்ல சான்று 2008ஆம் ஆண்டின் பிரீடர்ஸ் கப் கிளாசிக். முந்தைய ஆண்டு சேறான மண்தடத்தில் இதே பந்தயத்தை வென்ற கர்லின், கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டாவில் புரோ-ரைடு தடத்தில் நான்காவதாக வந்தது. வென்றது ஐரோப்பியப் புல்தடங்களில் ஓடிவந்த ரேவன்ஸ் பாஸ். கர்லின் திறமை இழந்துவிட்டது என்று கொள்வது தவறு. அதன் பதிவுகள் வேறொரு தடத்தில் பெறப்பட்டவை.

கலிபோர்னியப் பந்தய வாரியம் பெரிய களங்கள் 2007 இறுதிக்குள் செயற்கைத் தடம் அமைக்க வேண்டுமென 2006இல் ஆணையிட்டது. எனினும் சாண்டா அனிட்டா 2010இலும் டெல் மார் 2015இலும் மண்ணுக்கே திரும்பின. இத்தனைக்கும் அமெரிக்க ஜாக்கி கிளப் 2009 முதல் தொகுத்துவரும் பதிவுகளில், மண்தடத்தைவிடச் செயற்கைத் தடத்தில் குதிரைகளின் உயிரிழப்பு விகிதம் குறைவு என்பது குறிப்பிடத்தக்கது.

ஆசியாவில்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் புல்தடமும் பாலிட்ராக் தடமும் இருந்தன. ஒரே குதிரையின் பதிவுகளை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. அங்கு கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று நடந்தது.

இந்தியப் பந்தயங்கள் பெரும்பாலும் புல்தடத்திலேயே நடைபெறுகின்றன. இங்கு கணிப்பைக் குழப்புவது மழை. எடையொன்றை விழச்செய்து, கம்பி நிலத்தில் இறங்கும் ஆழத்தை அளக்கும் பெனட்ரோமீட்டர் என்னும் கருவியால் தடத்தின் ஈரம் மதிப்பிடப்படுகிறது.

தமிழ்நாட்டில் இக்கணிப்பு நீதிமன்றம் வரை சென்றுள்ளது. குதிரைப் பந்தயச் சூதாட்டத்தைத் தடுக்க 1974இல் மாநில அரசு சட்டம் இயற்றியது. கிண்டியில் பந்தயங்களை நடத்திவந்த சென்னை ரேஸ் கிளப் சார்பில் தொடரப்பட்ட கே. ஆர். இலட்சுமணன் வழக்கில், குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறமை, பழைய ஓட்டங்கள் ஆகியவற்றை அறிந்து மதிப்பிட இயலும் என்பதால், இது பெரிதும் திறமை சார்ந்த ஆட்டமே என்று 1996 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடத்தின் தன்மையை அறிவதும் அத்தகைய திறமையின் ஒரு கூறே எனலாம்.