ஒகேனக்கல் தண்ணீரும் ஜப்பான் சிநேகமும்

தர்மபுரி ஜில்லாக்காரர் வாய்விட்டுச் சிரித்தால் அவருடைய ஊரை விசாரிக்க வேண்டியதில்லை என்று வேடிக்கை பேசுகிறவர்கள் உண்டு. பேசுகிறவர்களுக்கு அது வேடிக்கைதான். ஆனால், வெற்றிலையை வாயில் வைத்தறியாத பள்ளிக் குழந்தையின் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்திருப்பதையும், கல்யாண வயதுப் பெண்கள் பேசும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வதையும் அந்த ஜில்லாவின் கிராமங்களில் கண்டவர்களுக்குச் சிரிப்பு வராது. வேப்பங்குச்சியும் சாம்பலும் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போவதில்லை. அது பல்லின் மேல் படிந்த அழுக்காயிருந்தால் அல்லவா போகும்? ஈறுக்குள்ளே பல் உருவாகும் காலத்திலேயே அதனோடு கலந்துவிட்ட கோளாறு அது.

கோளாறுக்குக் காரணம் குடிதண்ணீர். தர்மபுரிச் சீமையின் அடியில் கிடப்பது கருங்கற்பாறை. அந்தப் பாறையிலுள்ள சில தாதுக்களிலிருந்து புளோரைடு என்னும் உப்பு சிறுகச் சிறுகக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. மழை பொய்த்தால் கிணறு வற்றுகிறது. குடியானவன் கடன் வாங்கிப் போர் இறக்குகிறான். 300 அடியில் தண்ணீர் இல்லையென்றால் 800 அடி, 1,000 அடி என்று போகிறான். ஆழத்துப் பாறையிடுக்கில் வெகுகாலம் தங்கிய தண்ணீரில் பெரும்பாலும் இந்த உப்பும் அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் தேசத்தின் விதி. இந்த ஜில்லாவில் அந்த எல்லையை மீறிய கிணறுகள் ஏராளம். நிறத்திலோ, ருசியிலோ, மணத்திலோ இந்த விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சினாலும் போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் குறைந்து, மிஞ்சியதில் உப்பின் விகிதம் ஏறத்தான் செய்யும்.

பல்லோடு நின்றால்கூடப் பெரிதில்லை. பல வருஷங்கள் இத்தகைய தண்ணீரையே குடித்தவர்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் புளோரைடு சேர்ந்து, தசைநார்கள் சுண்ணாம்பு போல் இறுகுகின்றன. முதுகு வளைந்து, கழுத்துத் திரும்பாமல், உட்கார்ந்தவர் எழ முடியாமல் போகிறார். 40 வயது உழைப்பாளி 70 வயதுக் கிழவர் போல் கோல் ஊன்றுகிறார். வந்த பிறகு இதைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை வைத்திய சாஸ்திரத்தில் இல்லை. கேழ்வரகு, பால், நெல்லிக்காய் போன்ற ஆகாரத்தால் கொடுமை சற்றுத் தணியலாம். புளி சேர்த்து உண்டால் சிறுநீர் வழியாகப் புளோரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று ஐதராபாத் ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தர்மபுரிச் சந்தைக்குக் கேழ்வரகும் புளியும் புதியவை அல்ல. ஆயினும் இவையெல்லாம் ஒத்தாசைகள்; வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், நல்ல தண்ணீர்.

இந்த நோய் நேற்று முளைத்ததல்ல. 1937ல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்னும் மூன்று விஞ்ஞானிகள், அன்று நமது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் முதுகு வளைந்த குடியானவர்களைப் பரிசோதித்து, குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என்று எழுதி வெளியிட்டார்கள். நம் தேசத்தில் இந்த எலும்பு நோய் சாஸ்திர ரீதியாக விவரிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. காரணம் நம் மாகாணத்திலேயே தெரிந்த பிறகு, தர்மபுரிக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வர 76 வருஷங்கள் பிடித்தன. அதில் 10 வருஷத்தை வெள்ளைக்கார சர்க்காரின் கணக்கில் எழுதிவிடலாம். மீதி 66 வருஷங்கள் நமது கணக்கில்தான் நிற்கின்றன.

இத்தனைக்கும் காவேரி இந்த ஜில்லாவின் எல்லையிலேயே ஒகேனக்கலில் பேரிரைச்சலோடு விழுகிறது. பரிசலில் ஏறி அருவியைப் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் தின்று திரும்பும் உல்லாசப் பிரயாணிகளுக்குக் கிடைத்த தண்ணீர், பக்கத்துக் கிராமத்துக் குடத்துக்குக் கிடைக்கவில்லை. 1998ல் மத்திய சர்க்கார் முன்னிலையில் தமிழ்நாடும் கர்நாடகமும் கூடி, வருஷத்துக்கு 1.4 டி.எம்.சி. தண்ணீரை இக்காரியத்துக்கு எடுப்பதில் ஆட்சேபமில்லை என்று முடிவாயிற்று. அப்படி முடிவான பின்னும், 2008 பிப்ரவரியில் அஸ்திவாரக் கல் நாட்டியவுடன் எல்லைக்கு அப்பால் கிளர்ச்சி மூண்டது. பதிலுக்குச் சென்னையில் சினிமாக் கலைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரலில் அன்றைய முதல் மந்திரி கருணாநிதி, கர்நாடகத் தேர்தல் முடியும் வரை காரியத்தைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார். பெங்களூர் நகரம் காவேரியைக் குடிப்பதற்கும், தர்மபுரிக் கிராமம் காவேரியைக் குடிப்பதற்கும் பணம் கடன் கொடுத்த தேசம் ஒன்றே என்பதை அந்தக் கூச்சலில் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தத் தேசம் ஜப்பான்.

ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரைடு நோய்த் தடுப்புத் திட்டத்தின் மதிப்பு ரூ.1,928.80 கோடி. அதன் பெரும்பகுதிக்கு ஜப்பானிய சர்க்காரின் சர்வதேச ஒத்துழைப்பு ஸ்தாபனமான ஜைக்கா வழியே கடன் வந்தது. ஆற்றில் எடுத்த நீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து தர்மபுரி ஜில்லாவுக்கும், 2004ல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கும் குழாய்களில் இறக்குவது ஏற்பாடு. 2013 மே மாதம் அப்போதைய முதல் மந்திரி ஜெயலலிதா திட்டத்தைத் துவக்கிவைத்தார். ஒரு கட்சியின் ஆட்சியில் கல் நாட்டி மற்றொரு கட்சியின் ஆட்சியில் குழாய் திறந்த காரியம் இது. பெருமை யாருக்கு என்ற தர்க்கத்தில் நாம் இறங்கப்போவதில்லை. திட்டத்தின் பெயரிலேயே நோய்த் தடுப்பு என்று எழுதியிருக்கிறதே, அதுதான் நமக்கு முக்கியம். இது குழாய் வியாபாரமன்று, சுகாதார ஏற்பாடு என்று கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி.

ஜப்பானுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். காஞ்சியிலிருந்து சென்றதாக ஐதிகம் கூறும் போதிதர்மரைத் 'தருமா' என்று ஜப்பானியர் வீட்டுக்கு வீடு பொம்மையாக வைத்திருக்கிறார்கள். 752ல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் விக்கிரகத்துக்குக் கண் திறந்துவைத்தவர் பாரத பூமியிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் பிக்ஷு. 1905ல் ருஷ்யாவை ஜப்பான் ஜெயித்த செய்தி நம் முன்னோருக்கு எத்தகைய உற்சாகம் ஊட்டியது என்பது தேச சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரியும். அதற்காக, ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையில் ஆயிரக்கணக்காக மாண்ட மலாய்த் தோட்டத் தமிழர்களை மறந்துவிட்டுப் புகழ் பாட நாம் தயாரில்லை. ஆனால் அதே ஜப்பான், யுத்தத்தில் விழுந்தெழுந்த பின், வேறு முகத்தோடு நம்மிடம் வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

அதற்கு ஓர் உதாரணம் இந்த ஜில்லாவையும் தொடுகிறது. சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து குஷ்டரோகத்தோடு வெளியே வந்தார். தொற்று வியாதிக்காரர் என்று சொல்லி ரயிலில் ஏறவிடாமல் அன்னிய சர்க்கார் அவரைத் தடுத்தது. அவர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் தமிழ்நாட்டைச் சுற்றினார். 1925 ஜூலை 23ந் தேதி அவர் உயிர் நீத்தது தர்மபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில். அவர் காலத்தில் அந்த ரோகத்துக்கு நம்பத்தக்க மருந்து கிடையாது. பிற்காலத்தில், 1960களில், ஜப்பானியப் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு ஆக்ராவில் ஒரு குஷ்டரோக நிலையம் அமைந்தது. ஜால்மா என்று பெயர். ஜப்பானிய வைத்தியர்கள் அங்கே தங்கி நம்மவர்களுக்குச் சிகிச்சை செய்து, நம் வைத்தியர்களைப் பழக்கி, 1976ல் நிலையத்தை இந்திய சர்க்காரிடம் ஒப்படைத்தார்கள். கட்டினார்கள், கற்றுக்கொடுத்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். அது கொடை.

ஒகேனக்கலுக்கு வந்தது கொடையன்று, கடன். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த சீமை இது. சிநேகிதர் கொடுப்பதற்கு வட்டி உண்டா என்று இங்குள்ளவர் கேட்டால் தவறில்லை. வட்டி குறைவு, தவணை நீண்டது என்பது வாஸ்தவம். எனினும் பைசா பாக்கியில்லாமல் அதைத் தீர்க்கப் போகிறவர்கள் நாமும் நம் பிள்ளைகளும். இதில் நமக்கு வெட்கம் ஒன்றுமில்லை, ஒருவிதத்தில் கௌரவமும்கூட. தானம் வாங்கியவன் குறை சொல்லத் தயங்குவான். கடன் வாங்கியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

பணத்துக்கு அப்பாலும் ஜப்பானியருக்கு இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. ஹியோகோ பிரதேசத்தில் ரொக்கோ மலையின் கருங்கற்பாறை அடிவாரத்தில் தக்காராசூக்கா என்று ஒரு நகரம். அந்நகரத்துக் குழந்தைகளின் பற்களில் கறை விழுவது 1971ல் பெரும் பிரச்னையாக வெடித்தது. காரணம் நகரசபைக் குழாய்த் தண்ணீரில் இருந்த புளோரைடு. ஜனங்கள் வாளாவிருக்கவில்லை. நகரசபையின் மேல் வழக்குத் தொடர்ந்து சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த தேசத்திலும் பாறை பாறைதான். வித்தியாசம் எங்கேயென்றால், அங்கே குழந்தையின் பல்லில் கறை விழுந்தால் நகரசபை பதில் சொல்ல வேண்டியிருந்தது. தர்மபுரியில் அதைத் தலைவிதி என்று சொல்லி மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது.

இப்பொழுது விஷயத்துக்கு வருவோம். குழாய் போட்டாகிவிட்டது, தண்ணீர் வருகிறது. ஆனால் எல்லாக் கிராமங்களுக்கும், எல்லா நாட்களிலும், வேண்டிய அளவு வருகிறதா? இல்லை என்ற புகார் ஓயவில்லை. ஜனத்தொகை பெருகிவிட்டது, குழாய் உடைகிறது, மின்சாரம் நிற்கிறது, கடைசி ஊருக்கு முறைத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் முதல் ஊரின் தொட்டி இரண்டு தடவை நிரம்புகிறது. பற்றாக்குறை நேரும்போது ஸ்தல ஸ்தாபனத்தார் என்ன செய்வார்கள்? மேல்நிலைத் தொட்டியில் காவேரி நீரோடு பழைய போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுவது அவர்களுக்குச் சுலபமான உபாயம். குழாயைத் திறக்கும் தாய்க்கு இது காவேரியா, போரா, இரண்டும் கலந்ததா என்று தெரிய வழியில்லை. காவேரி வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் பழைய எச்சரிக்கையையும் விட்டுவிடுகிறாள்.

பாத்திரம் கழுவவும், துணி துவைக்கவும், மாட்டைக் குளிப்பாட்டவும் போர் தண்ணீர் தாராளமாகப் போதும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீர் போதுமே! இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலப்பது, பாலில் மோரைக் கொட்டி இரண்டையும் கெடுப்பது போன்றது. தனித் தொட்டி கட்டச் செலவாகும் என்பார்கள். ரூ.1,900 கோடிக்கு மேல் செலவிட்டுக் கொண்டுவந்த தண்ணீரைக் கடைசிப் படியில் பாழாக்குவதற்கு ஆகும் செலவை யார் கணக்கிட்டார்கள்?

உள்ளூர்ப் பஞ்சாயத்துக்களை நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு தொட்டியின் மேலும், அதில் வரும் தண்ணீர் எது, கடைசியாக எந்தத் தேதியில் பரிசோதித்தார்கள், லிட்டருக்குப் புளோரைடு எவ்வளவு என்பதைத் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். கெட்ட போர்களின் கைப்பம்பில் சிவப்புச் சாயம் பூச வேண்டும். காவேரி நீர் குறையும் நாளில் முதல் குடம் பள்ளிக்கூடத்துக்கும், அங்கன்வாடிக்கும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் போக வேண்டும். டீக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆற்று நீர் எட்டாத மலைக்கிராமங்களில், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியவைக்கும் முறை இருக்கிறது. நாகபுரி விஞ்ஞானிகள் உருவாக்கிய நலகொண்டா முறை என்பது அதன் பெயர். அதற்கு வேண்டியது பெரிய மூலதனமன்று. தினந்தோறும் அளவு தவறாமல் செய்யும் ஒரு பொறுப்புள்ள ஆள். பல இடங்களில் இத்தகைய ஏற்பாடுகள் தூசி படிந்து கிடப்பதற்குக் காரணம் அந்த ஆள் இல்லாததுதான். அந்த ஆளை ஜப்பானிலிருந்து கடனாக வாங்க முடியாது.

தேசத்தொண்டர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் இந்த ஜில்லாவில் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். சிவாவின் நினைவு நாளில் பாப்பாரப்பட்டிக்கு மாலை எடுத்துக்கொண்டு போகிறவர்கள், போகிற வழியில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நுழைந்து குடிநீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம். குழந்தைக்கு ஏறக்குறைய 8 வயது ஆவதற்குள் நிலைப்பற்களில் பெரும்பாலானவற்றின் மேற்பூச்சு உருவாகி முடிந்துவிடும். இவ்வருஷம் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருஷந்தான் பாக்கியிருக்கிறது.