ஸ்கேன் சிடியில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள்

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வீடு ஸ்ரீபெரும்புதூரில். கடைக்குப் போன அப்பா, வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற அன்றுதான் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிலிமுடன் ஒரு சிடியும் கிடைத்தது.

இப்படியொரு சிடி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். திறந்தால் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல்கள் தெரியும். டபுள் கிளிக் செய்தால் எந்த புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். பயப்பட வேண்டாம். இவை டைகாம் என்ற மருத்துவப் பட ஃபைல்கள். பெரும்பாலும் சிடியிலேயே வியூவர் இருக்கும். இல்லையென்றால் வீசிஸ் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாதவர்களுக்கு யுஎஸ்பி டிரைவ் தேவைப்படும்.

வியூவரில் ஒரே மூளையைப் பல விதமாக எடுத்த படத் தொடர்கள் வரும். டி2 என்ற தொடரில், நடுவே பெரிய வெள்ளைப் பகுதியைப் பார்த்துப் பதறிவிட்டேன். அது எல்லோர் மூளையிலும் இருக்கும் நீர் என்று டாக்டர் சிரித்தார். டி2 படத்தில் நீரும் வெள்ளை, பாதிப்பும் வெள்ளை. பிளேர் என்ற தொடரில் நீர் கறுப்பாகிவிடும்; பாதிப்பு வெள்ளையாகவே நிற்கும். அப்பாவின் படத்தில் அப்படிப் பல திட்டுகள் இருந்தன. எஸ்.டபிள்யூ.ஐ. தொடரில் நுண்ணிய ரத்தக்கசிவுகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழக்கமான ஸ்கேனில் தெரிவதில்லை. அவை கெட்டதால் வந்த பாதிப்புதான் தெரிகிறது. வாய்க்கால் தெரியாது, வாடிய பயிர் தெரியும் என்பதுபோல! வயதானவர்கள் பலருக்கும் இந்தத் திட்டுகள் ஓரளவு இருக்கும். எனவே படத்தை மட்டும் வைத்து மறதி நோய் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நினைவாற்றல் சோதனைகளையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. டைகாம் ஃபைலுக்குள் நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் பதிவாகியிருக்கும். அதை யாருக்கும் அப்படியே அனுப்பாதீர்கள்.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரா பகுதி கிராமங்களில், பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் 45 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. மறதி வரும்வரை காத்திருக்காமல் அந்த வயதிலேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள். நுண்குழாய்களைக் கெடுப்பதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. சர்க்கரையும் புகையும் கூடவே வரும். அப்பா பல வருடங்களாக பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு எடுத்தவர். இப்போது நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும், அவருக்கும் எனக்கும் சேர்த்தே பிரஷர் பார்க்கிறேன்.