நர்ஸுக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

"ஊசி போடுறதுக்கு எதுக்கும்மா பிஎச்.டி.?" என்று உறவினர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்க, செவிலியர்களான பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1980களில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறையும் பார்த்து மதிப்பெண் போடுவோம். 23க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆபத்து. இப்படியொரு கருவியை உருவாக்குவதும், அது நம் வார்டில் செல்லுமா என்று சோதிப்பதும்தான் எங்கள் ஆராய்ச்சி. புள்ளியியலும் ஆய்வு நெறியும் அதற்காகவே படிக்கிறோம்.

இன்னொரு எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செவிலியர் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் மரண வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பணியிடங்களை நிரப்பும் அதிகாரிகள் இந்தக் கணக்கை அவசியம் படிக்க வேண்டும்.