வெள்ளம் சுற்றிய ஆட்டுக்கல்

மாவாட்டி மாவாட்டி ஆட்டுக்கல்லின் குழி வழவழப்பாகிவிடுவதைப் பார்த்திருப்போம். அதே வேலையைக் கைக்குப் பதில் வெள்ளமும் குழவிக்குப் பதில் கல்லுமாக இயற்கை செய்த இடம் லிட்டில் ஃபால்ஸ். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம் அது. அங்குள்ள மாஸ் தீவின் பாறைகளில் வட்ட வட்டமாகக் குழிகள். சிலவற்றில் ஆள் இறங்கி நின்றால் தலைகூடத் தெரியாது.

இன்றைய மோஹாக் ஆற்றுக்கு அவ்வளவு வேகம் ஏது? சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடியும் தறுவாயில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியைப் பனிப்பாளம் அடைத்துக் கிடந்தது. இன்றைய ஒண்டாரியோ ஏரி இருக்குமிடத்தில் அதைவிடப் பெரிய ஏரி ஒன்று நிரம்பி, மோஹாக் பள்ளத்தாக்கு வழியே கிழக்கே வடிந்தது. குறுக்கே நின்ற பழம்பாறையை அந்த வெள்ளம் அறுத்தது. சுழலில் சிக்கிய கற்கள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குழி பறித்தன. பனி விலகியதும் ஏரிநீர் தன் பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. மிஞ்சியவை மலை இடுக்கும், அருவிகளும், குழிகளும்.

அந்த அருவிகளால்தான் இங்கே ஊர் வந்தது. ஒரு மைலுக்குள் ஆறு சுமார் 40 அடி இறங்குவதால் அன்று படகுகள் இதைத் தாண்ட முடியவில்லை. சரக்கை இறக்கி, வண்டியில் கொண்டுபோய், அப்பால் மறுபடி படகேற்ற வேண்டியிருந்தது. இந்தப் பாட்டைத் தீர்க்க 1795இல் அருவியைச் சுற்றி ஒரு சிறு கால்வாய் வெட்டினார்கள். 1825இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றை ஈரி ஏரியோடு இணைத்த 363 மைல் ஈரி கால்வாயும் இவ்வழியே வந்தது. விழும் நீரின் விசையில் ஆலைகள் ஓடின.

இன்று அந்த ஏற்றத்தை 17ஆம் எண் நீர்ப்பூட்டு ஒன்றே கடத்திவிடுகிறது. படகு கான்கிரீட் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு இறங்கி மூடிக்கொள்ளும். மேல்மட்டத்து நீரை மதகு வழியே உள்ளே விட்டால் தொட்டி நிரம்பும். படகு 40 அடிக்கு மேல் உயரும். நீரை ஏற்ற பம்பு கிடையாது. மேலே இருக்கும் நீர் கீழே வர விரும்புகிறது, அது போதும்.

தொட்டியை ஒட்டியே நிற்கிறது மாஸ் தீவு. நீரைக் கீழே இழுத்துப் பாறையைக் குடைய வைத்த அதே புவியீர்ப்புதான், அதன் பக்கத்திலேயே படகை மேலே தூக்குகிறது.